ஆள் போனாலும் வேலை நிற்காமல்: கொழும்பில் புதிதாகப் பொறுப்பெடுப்பவர்களுக்கு

2022 ஓகஸ்ட் மாதம், ஒரு திங்கட்கிழமை. எங்கள் கொண்டெய்னர் துறைமுகத்தில் வந்து நிற்கிறது. பதினான்கு வருடம் வங்கிக் கடிதம், கஸ்டெக் என்ற சுங்கப் பிரகடனப் படிவம், துறைமுகத்தில் சாமான் எடுக்கும் வாஃப் வேலை எல்லாவற்றையும் பார்த்த கிளார்க் சனிக்கிழமை இரவு கட்டாருக்குப் பறந்துவிட்டார். நாங்கள் நான்கு பேர் அவருடைய மேசையைச் சுற்றி நின்றோம். கடவுச்சொற்களை ஒரு துண்டில் எழுதி வைத்திருந்தார். ஆனால் எந்தத் தாள் முதலில் போக வேண்டும், வங்கியில் யாரிடம் பேச வேண்டும், சுங்கத்தில் கேள்வி வந்தால் எந்தப் பழைய கோப்பைக் காட்ட வேண்டும் என்பதெல்லாம் அவரோடு விமானம் ஏறியிருந்தது. சாமான் வெளியே வர பதினொரு நாள் ஆனது. அத்தனை நாளுக்கும் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் கட்டினோம்.

அவர் மேல் ஒரு பிழையும் இல்லை. "இதை இன்னொருவருக்கும் காட்டிக் கொடுங்கள்" என்று பதினான்கு வருடத்தில் ஒருவரும் அவரிடம் கேட்டதில்லை. அவருக்கு மேலே இருந்தவன் நான். கேட்டிருக்க வேண்டியவனும் நான்தான்.

இதை எழுதுவது, கொழும்பில் ஒரு கடையிலோ ஸ்டோர்ஸிலோ அலுவலகத்திலோ முதல் தடவையாக ஆறேழு பேருக்குப் பொறுப்பாக நியமிக்கப்பட்டிருக்கும் உங்களுக்காக. நேற்று வரை நீங்கள் நல்ல வேலைக்காரர். இன்று முதல் உங்கள் வேலை மற்றவர்களை வேலைக்காரர்களாக்குவது. இந்த மாற்றத்தைப் பற்றி நியமனக் கடிதத்தில் ஒரு வரியும் இருக்காது.

முதலில் ஒரு விஷயம். ஆட்களைப் பழக்குவது பற்றிப் பேச முன், அவர்களுக்குச் சேர வேண்டியது சேர்கிறதா என்று பாருங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு (இ.பி.எஃப்) ஊழியரின் சம்பளத்தில் 8 வீதம் பிடிக்கப்படுகிறது, முதலாளி 12 வீதம் போட வேண்டும், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி தனியாக 3 வீதம் கட்ட வேண்டும். உங்கள் ஆட்களுக்கு இது ஒழுங்காகப் போகிறதா, லீவு எத்தனை நாள் மிச்சம் என்று அவர்களுக்கே தெரியுமா என்று முதல் வாரத்திலேயே விசாரியுங்கள். இ.பி.எஃப் கட்டப்படாத பொடியனிடம் "நீ முன்னேற வேண்டும் தம்பி" என்று சொன்னால் அவன் தலையை ஆட்டுவான், மனதுக்குள் வேறு வேலை தேடுவான்.

1. யாருக்கு என்ன தெரியும் என்று ஒரு தாளில் எழுதுங்கள்

பெரிய தாள் ஒன்றை எடுங்கள். இடப்பக்கம் மேலிருந்து கீழாக உங்கள் பிரிவில் நடக்கும் வேலைகள். மேலே குறுக்காக ஆட்களின் பெயர்கள். ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று குறிகளில் ஒன்று: தனியே செய்வார், பக்கத்தில் ஒருவர் நின்றால் செய்வார், செய்ததில்லை.

வேலைகளை எழுதும்போது "கணக்கு", "ஸ்டோர்ஸ்" என்று மொத்தமாக எழுதாதீர்கள். மாதக் கடைசியில் இ.பி.எஃப் சி படிவம் அனுப்புவது, வற் வரி அறிக்கைக்குப் பில்களைப் பிரிப்பது, காசோலை திரும்பினால் கடைக்காரரிடம் பேசுவது, லொறிக்கு ஏற்ற முன் சாமானை எண்ணுவது, மூட்டை தூக்கும் நாட்டாமிமாருக்கு நாட்கூலி கணக்குப் பார்ப்பது, போனில் ஸ்கேன் செய்து கட்டும் லங்கா கியூஆரில் வந்த காசை வங்கிக் கூற்றோடு ஒப்பிடுவது என்று கையால் தொடக்கூடிய அளவுக்கு உடையுங்கள். என் முதல் தாளில் 41 வேலைகள் வந்தன. நான் பதினைந்து இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

எழுதி முடித்ததும் வரிசை வரிசையாகப் பாருங்கள். "தனியே செய்வார்" என்ற குறி ஒன்றே ஒன்று இருக்கும் வரிசைகளுக்குச் சிவப்புப் பேனையால் கோடு போடுங்கள். உங்கள் அடுத்த ஆறு மாத வேலை அந்தச் சிவப்புக் கோடுகள்தான். அந்த ஒரே குறி உங்கள் பெயருக்குக் கீழே இருந்தால் அந்த வரிசையில் இருந்து தொடங்குங்கள். புதிதாகப் பொறுப்புக்கு வந்தவர்கள் தங்கள் பழைய வேலையை விட மனமில்லாமல் அதையும் இழுத்துக்கொண்டு போவார்கள். இரவு எட்டு மணிக்கு வெள்ளவத்தை பஸ்ஸுக்கு ஓடும்போதும் போனில் பில் நம்பர் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அது உழைப்புப் போலத் தெரியும். ஆனால் கீழே இருப்பவருக்கு வளர இடமில்லாமல் போகும்.

இந்தத் தாளைச் சுவரில் ஒட்டாதீர்கள். அது ஆட்களுக்கு மதிப்பெண் போடும் தாளாக மாறிவிடும். உங்கள் லாச்சியில் இருக்கட்டும்.

2. ஒவ்வொருவரோடும் தனியே ஒரு பிளேன்டீ

கதிரைக்கு எதிரே கதிரை போட்டு உட்கார்ந்தால் பலர் வாய் திறக்க மாட்டார்கள். வெளியே கூட்டிப் போங்கள். புறக்கோட்டையில் இருந்தால் மூலைக் கடையில் நின்றுகொண்டே குடிக்கலாம். இருபது நிமிடம் போதும். நான் கேட்பவை: இங்கே நீங்கள் செய்வதில் எது உங்களுக்குப் பிடிக்கும்? எது விளங்காமல் சமாளிக்கிறீர்கள்? இரண்டு வருடத்தில் என்ன செய்துகொண்டிருக்க விருப்பம்?

கடைசிக் கேள்விக்கு "வெளிநாடு போக வேணும் சேர்" என்று பதில் வரலாம். முகம் மாறாதீர்கள். 2022இல் மட்டும் 3 லட்சத்துக்கும் அதிகமானோர் வேலைக்காக நாட்டை விட்டுப் போனார்கள். உங்களிடம் அவர் அதைச் சொல்வது உங்கள் மேல் உள்ள நம்பிக்கை. சொல்லாமல் போகிறவரைவிட ஆறு மாதம் முன்பே சொல்கிறவர் எவ்வளவோ மேல்.

மொழியைக் கவனியுங்கள். ஹட்டனிலிருந்து வந்த தம்பி, மட்டக்களப்புத் தங்கச்சி, களனியிலிருந்து வரும் சிங்கள நண்பர், மாளிகாவத்தை முஸ்லிம் சகோதரர் எல்லோரும் ஒரே கூரைக்குக் கீழே. கூட்டத்தில் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு எல்லோருக்கும் விளங்கிவிட்டது என்று நினைப்பது கொழும்பு அலுவலகங்களின் பழைய நோய். முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அவரவர் மொழியில் ஒரு தடவை சொல்லுங்கள். உங்களுக்குச் சிங்களம் தட்டுத் தடுமாறித்தான் வரும் என்றாலும் பேசுங்கள்.

3. வேலையைக் கைமாற்றும் விதம்

இதில்தான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன்.

நாங்கள் வழக்கமாகச் செய்வது என்ன? ஒரு தடவை வேகமாகச் செய்து காட்டிவிட்டு "விளங்கிச்சா?" என்று கேட்போம். "ஓம் சேர்" என்று பதில் வரும். அந்த "ஓம்" விளங்கியதற்கான ஓம் இல்லை. மரியாதைக்கான ஓம். பெரியவர் கேட்டால் இல்லை என்று சொல்லக்கூடாது என்று வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் பழகிய ஓம். அதனால் "விளங்கிச்சா" என்ற சொல்லையே விட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாக, "தம்பி, நாளைக்கு நான் இல்லை எண்டு வையுங்கோ. முதல்ல எந்தத் தாளை எடுப்பீங்கள்? சொல்லுங்கோ பாப்பம்" என்று கேளுங்கள். அவர் சொல்லச் சொல்ல எங்கே தடக்குப்படுகிறார் என்று உங்களுக்கே தெரியும்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் இருந்தவர்கள் போருக்குப் போக, புதியவர்களை அவசரமாகப் பழக்க வேண்டி வந்தது. அப்போது உருவான பயிற்சி முறையில் நான்கு படிகள். பழகுகிறவரை ஆயத்தப்படுத்துவது, செய்து காட்டுவது, அவரைச் செய்ய விட்டுப் பார்ப்பது, பிறகு இடைக்கிடை போய்ப் பார்ப்பது. பழகியவருக்கு வரவில்லை என்றால் பழக்கியவர் இன்னும் பழக்கவில்லை என்பதுதான் அதன் அடிப்படை. எண்பது வருடத்துக்கு மேலாகியும் இதைவிட நல்ல வழி எனக்குக் கிடைக்கவில்லை. நான் ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறேன்: பழகியவர் அதே வேலையை மூன்றாவது ஆளுக்குக் காட்டிக்கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் என் தாளில் "தனியே செய்வார்" என்று குறி போடுவேன்.

செய்து காட்டும்போது ஒவ்வொரு படிக்கும் ஏன் என்று சொல்லுங்கள். மாற்றக் காலத்தில் இது உயிர்நாடி. விதிகள் மாறும், காரணங்கள் அவ்வளவு சீக்கிரம் மாறாது.

எங்கள் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் ஏறத்தாழ 200 ரூபா. மே மாதத்தில் 360 ரூபா அளவுக்குப் போய்விட்டது. கவுண்டரில் இருந்த பிள்ளைகளுக்கு நாங்கள் பழக்கியிருந்தது விலைப் பட்டியலைப் பார்த்து விற்பது மட்டும். இரண்டு டொலருக்கு இறங்கும் ஒரு கதவுப் பூட்டை எடுங்கள். தீர்வை, போக்குவரத்து எல்லாவற்றையும் விட்டுப் பார்த்தாலும் முன்பு எங்களுக்கு அடக்கவிலை 400 ரூபா, 500க்கு விற்றோம், நூறு ரூபா மிச்சம். டொலர் 360 ஆனபோது அதே பூட்டை மறுபடி வாங்க 720 ரூபா வேண்டும். பழைய ஸ்டொக்கை 500க்கு விற்ற பிள்ளை "லாபம் சேர்" என்று சந்தோஷமாகப் பில்லைக் காட்டினாள். உண்மையில் ஒவ்வொரு பூட்டோடும் 220 ரூபா கடையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. அவளுக்கு விலை தெரியும். விலை எப்படி உருவாகிறது என்பது தெரியாது, ஏனென்றால் நாங்கள் சொல்லவே இல்லை.

அதன் பிறகு ஒரு பின்னேரம் கடையைச் சாத்திவிட்டு எல்லோரையும் உட்கார வைத்து, ஒரு பூட்டு சீனாவில் பெட்டிக்குள் போவதிலிருந்து எங்கள் தட்டுக்கு வரும் வரை எங்கெங்கே காசு ஏறுகிறது என்று பலகையில் எழுதினோம். ஒன்றரை மணித்தியாலம். மின்வெட்டு நேரம், மெழுகுதிரி வெளிச்சம். அடுத்த வாரம் அந்தப் பிள்ளையே வந்து, "சேர், சாமான் தாறவர் புதுப் பட்டியல் தந்தார், மூன்று சாமானுக்கு எங்கட விலை காணாது" என்றாள். அவளிடம் அதைச் செய்யச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை.

வற் வரியிலும் இதே கதை. 8 வீதமாக இருந்தது 2022 ஜூனில் 12 ஆனது, செப்டெம்பரில் 15, 2024 ஜனவரி 1 முதல் 18. "பதினைந்தால் பெருக்கு" என்று மட்டும் பழகியவர் ஒவ்வொரு தடவையும் உங்களிடம் ஓடி வருவார். வரியோடு சேர்த்து 1,180 ரூபா என்று இருக்கும் பில்லில் வரி எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். 1,180இல் 18 வீதம் எடுத்து 212 ரூபா 40 சதம் என்று சொன்னால் அவருக்குக் காரணம் விளங்கவில்லை. 1,180ஐ 118ஆல் பிரித்து 18ஆல் பெருக்கி 180 என்று சொன்னால் விளங்கியிருக்கிறது. வீதம் நாளைக்கு என்னவாக மாறினாலும் அவர் தாங்குவார்.

4. முடிவெடுக்க விடுங்கள், எல்லையைச் சொல்லி

"உங்கட விருப்பப்படி செய்யுங்கோ" என்று சொல்வது பொறுப்புக் கொடுப்பது ஆகாது. அது கைகழுவுவது. எல்லையை ரூபாவில் சொல்லுங்கள். "ஐயாயிரம் வரை தள்ளுபடி உங்கள் முடிவு, என்னிடம் கேட்க வேண்டாம், பின்னேரம் கொப்பியில் எழுதினால் காணும். அதற்கு மேலே என்றால் போன் அடியுங்கள்." மூன்று மாதம் ஒழுங்காகப் போனால் பதினையாயிரமாக ஏற்றுங்கள்.

அவர் எடுத்த முடிவு உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும், எல்லைக்குள் என்றால் வாடிக்கையாளர் முன்னால் மாற்றாதீர்கள். ஒரு தடவை மாற்றினால் போதும். அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொரு வாடிக்கையாளரும் அவரைத் தாண்டி நேரே உங்களிடம் வருவார்.

5. பிழை வந்தால்

பல வருடங்களுக்கு முன் ஒரு பொடியன் லொறியில் பிழையான பெட்டிகளை ஏற்றிவிட்டான். நாட்டாமிமார், டிரைவர், இரண்டு வாடிக்கையாளர் எல்லோரும் நிற்க நான் சத்தம் போட்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாதம் ஒரு பில்லில் ஒரு பூச்சியம் கூடிப்போனதை மூன்று வாரம் மறைத்து வைத்திருந்தான். நாங்கள் கண்டுபிடிக்கும்போது அந்தக் கடைக்காரர் எங்களோடு வியாபாரத்தையே நிறுத்தியிருந்தார். பிழை சின்னது. மறைத்ததுதான் பெரிய நட்டம். மறைக்கப் பழக்கியவன் நான். பின்பு அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

ஆகவே, பிழையைத் தனியே பேசுங்கள், அன்றைக்கே பேசுங்கள். "ஏன் இப்படிச் செய்தாய்" என்று கேட்டால் சாட்டுத்தான் வரும். "எந்த இடத்தில் மாறிப்போனது" என்று கேட்டால் விஷயம் வரும். பாராட்டை மட்டும் எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள், எதற்கு என்று குறித்துச் சொல்லுங்கள்.

6. புதிய கருவி வரும்போது

புதிய பில் மென்பொருள், வாட்ஸ்அப்பில் ஓர்டர், இப்போது கடிதம் எழுதவும் மொழிபெயர்க்கவும் சாட்ஜிபிடி போன்ற செயலிகள். ஒவ்வொன்றும் வரும்போது ஆட்கள் மனதில் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: என் வேலை போகுமா? கேட்க மாட்டார்கள். நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். தெரிந்ததைத் தெரிந்தபடி, முடிவாகாததை முடிவாகவில்லை என்று, எப்போது முடிவு தெரியும் என்ற திகதியோடு சொல்லுங்கள். "ஒண்டும் மாறாது, பயப்பிடாதேங்கோ" என்ற வார்த்தையைக் கொடுக்காதீர்கள். அது பொய்யாகும் நாளில் உங்கள் மற்ற வார்த்தைகளும் சேர்ந்து விழும்.

முதலில் யாரைப் பழக்குவது? கணினியில் கெட்டிக்காரனான இளம் பொடியனை என்றுதான் தோன்றும். நான் அப்படிச் செய்ய மாட்டேன். சந்தேகம் வந்தால் மற்றவர்கள் யாரிடம் போகிறார்களோ அவரை முதலில் பழக்குங்கள். பல இடங்களில் அது ஐம்பது வயது தாண்டிய ஒரு அக்காவாகவோ கணக்கப்பிள்ளை ஐயாவாகவோ இருக்கும். அவரோடு அந்த இளம் பொடியனைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவன் பொத்தான்களைக் காட்டுவான். எந்தக் கடைக்காரருக்கு எவ்வளவு கடன் விடலாம் என்று அவர் காட்டுவார். இரண்டு பக்கமும் பழகும், ஐயாவின் மரியாதையும் குறையாது.

பழைய முறையையும் புதிய முறையையும் இரண்டு வாரம் சேர்த்தே ஓட விடுங்கள். வேலை இரட்டிப்பாகும், முணுமுணுப்பு வரும். பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் முடிவுத் திகதியை முதல் நாளே சொல்லுங்கள், இல்லாவிட்டால் பழைய கொப்பி ஒருநாளும் மூடப்படாது.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளுக்கு ஒரே ஒரு கண்டிப்பான விதி: வாடிக்கையாளரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு எதையும் அதற்குள் போடக்கூடாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது என்பதை உங்கள் ஆட்களுக்குச் சொல்லி வையுங்கள். அது எழுதித் தரும் தமிழையும் சிங்களத்தையும் ஒரு ஆள் வாசித்துப் பார்க்காமல் அனுப்பவும் விடாதீர்கள்.

7. கையில் உள்ள தொழிலுக்கு ஒரு சான்றிதழ்

சாதாரண தரம் சித்தியடையாமல் பதினேழு வயதில் கொழும்புக்கு வந்து, பத்து வருடத்தில் முழு ஸ்டோர்ஸையும் தலையில் வைத்திருக்கும் ஆட்கள் எங்களிடம் நிறையப் பேர். கேட்டால் "எனக்குப் படிப்பில்லை" என்பார்கள். தேசிய தொழிற்தகைமை என்ற என்.வி.கியூ முறையில் 7 மட்டங்கள் உண்டு. வகுப்புக்குப் போகாமல் வேலை செய்தே பழகியவர்களுடைய திறனைப் பரிசோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் வழியும் அதில் இருக்கிறது. நைட்டா என்று நாங்கள் சொல்லும் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையில் விசாரிக்கலாம். விண்ணப்பம் நிரப்ப உதவுங்கள், பரிசோதனை நாளுக்குச் சம்பளத்தோடு லீவு வாங்கிக் கொடுங்கள்.

"சான்றிதழ் கிடைத்தால் போய்விடுவானே" என்று முதலாளி சொல்வார். சொல்லட்டும். பழக்கிய ஆள் போவதைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். பழக்காத ஆள் இருபது வருடம் போகாமலே இருந்தால் என்ன ஆகும் என்று அவரிடம் கேளுங்கள். என் அனுபவத்தில், தன்னை ஒருவர் வளர்க்கிறார் என்று தெரிந்த பிள்ளை சுலபத்தில் போகாது. போனாலும் சொல்லிவிட்டுப் போகும்.

8. ஒருவர் போகும்போது

விலகல் கடிதம் தந்த அன்றே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் மேலாளர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கடைசி மாதம்தான் உங்களுக்குக் கிடைக்கும் மிகப் பெரிய பயிற்சி மாதம். அவருடைய அன்றாட வேலையில் பாதியைக் குறையுங்கள். மீதி நேரத்தில், உங்கள் தாளில் அவர் பெயருக்குக் கீழே சிவப்பாக இருக்கும் ஒவ்வொரு வேலையையும் இன்னொருவருக்குக் காட்டச் சொல்லுங்கள். போன் கமெராவில் ஐந்து ஐந்து நிமிடமாகப் பதிவும் செய்யலாம். திரையில் எங்கே தொடுகிறார், ஏன் தொடுகிறார் என்று அவர் குரலிலேயே இருக்கட்டும்.

சேவிஸ் லெட்டரை, அதாவது சேவைச் சான்றுக் கடிதத்தை, அவர் கேட்க முன் கொடுங்கள். "நல்ல ஒழுக்கமுள்ளவர்" என்ற ஒற்றை வரியோடு விடாமல், அவர் உண்மையில் செய்த வேலைகளை வரிசையாக எழுதுங்கள். டோஹாவிலும் டொரொண்டோவிலும் அந்த வரிசையைத்தான் பார்ப்பார்கள். கட்டாருக்குப் போன எங்கள் கிளார்க்குக்கு அப்படி ஒன்றைப் பிறகு அனுப்பினோம். அவரும் இரண்டு வெள்ளிக்கிழமை வாட்ஸ்அப்பில் வந்து எங்கள் தங்கச்சி ஒருத்திக்குக் கஸ்டெக் வேலையை முதலிலிருந்து காட்டிக் கொடுத்தார்.

9. சித்திரைப் பரீட்சை

சித்திரைப் புத்தாண்டுக்குக் கொழும்பு காலியாகும். ஹட்டன் பஸ்ஸும் யாழ்ப்பாண ரயிலும் நிரம்பி வழியும், கடையில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். அதற்கு இரண்டு கிழமைக்கு முன் உங்கள் தாளை எடுத்து, லீவில் போகிறவர்களின் பெயர்களைக் கையால் மறைத்துக்கொண்டு பாருங்கள். எந்த வரிசையில் ஒரு குறியும் மிஞ்சவில்லையோ அதை அந்த இரண்டு கிழமைக்குள் ஒருவருக்குக் காட்டுங்கள். தைப்பொங்கல், நோன்புப் பெருநாள், வெசாக், தீபாவளி, நத்தார் என்று எங்கள் ஊரில் வருடம் முழுவதும் இந்தப் பரீட்சைக்குக் குறைவில்லை.

பிறகு நீங்களும் இரண்டு நாள் லீவு போடுங்கள். போனை நிறுத்த வேண்டாம், ஆனால் ஒரு கொப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். யார் எடுத்தார், எதற்கு எடுத்தார், எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். முதல் தடவை எனக்கு இரண்டு நாளில் 23 அழைப்பு வந்தது. திரும்பி வந்ததும் அந்தக் கொப்பியைத் தாளுக்குப் பக்கத்தில் விரித்து வைத்து, அடுத்த மாதம் யாருக்கு என்ன பழக்குவது என்று அதிலிருந்தே எழுதினேன். கடந்த சித்திரைக்கு நான்கு அழைப்பு. அதில் ஒன்று, பலகாரம் கொண்டு வருவீர்களா என்று கேட்டு வந்தது.